தட்டைத் திரையும் தடவும் விரலும்

விண்டோஸ் 95 விற்பனைக்கு வருமுன் மைக்ரோசாஃப்ட் அதைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. திரையின் அடியில் ஒரு பட்டை. அதன் இடது ஓரத்தில் பொத்தான்கள். கணினி முன் உட்கார்ந்தவர்கள் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். பொத்தான்களை ஒன்றாக்கி, அதன்மேல் ‘ஸ்டார்ட்’ என்று எழுதினார்கள். அதுவும் போதாது என்று, ‘தொடங்க இங்கே சொடுக்குங்கள்’ என்ற வாசகமும் அம்புக்குறியும் பட்டையின் குறுக்கே நகர்ந்துவந்து அந்தப் பொத்தானில் முட்டும்படி வைத்தார்கள். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான அந்த இயங்குதளத்தின் அழகைப் பற்றி யாரும் கவிதை பாடவில்லை. ஆனால் முதல் சொடுக்கு எங்கே என்பதில் புதியவருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

17 ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 26 அன்று, அதே நிறுவனம் விண்டோஸ் 8 பதிப்பை வெளியிட்டது. ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். வண்ணக் கட்டங்கள் நிறைந்த திரை ஒன்று வந்து நின்றது. கணினியை அணைக்க வேண்டுமானால் சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய், ஒளிந்திருக்கும் பட்டை ஒன்றை வெளியே வரவழைத்து, அதில் செட்டிங்ஸ், பிறகு பவர் என்று போக வேண்டும். மூலையில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதற்குத் திரையில் எந்தத் தடயமும் இல்லை. ஓராண்டு முடிவதற்குள், 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. பழைய பாணி மெனு திரும்ப 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது.

அந்தச் சறுக்கலுக்குப் பின்னால் இருந்த வடிவமைப்புக் கொள்கைக்கு ‘ஃபிளாட் டிசைன்’, அதாவது தட்டை வடிவமைப்பு, என்று பெயர். நிழல் கூடாது, மேடு பள்ளம் கூடாது, பளபளப்பு கூடாது. எழுத்து, வண்ணம், வெற்றிடம் ஆகிய மூன்றை வைத்தே திரையைக் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. விண்டோஸ் 8 தோற்றாலும் கொள்கை தோற்கவில்லை. ஐபோன், ஆண்ட்ராய்டு, வங்கிச் செயலி, ரயில் முன்பதிவுத் தளம் என்று எங்கும் அதுவே நடைமுறையானது. இதைப் பரப்பியதில் பெரும்பங்கு இணையதள வடிவமைப்பாளர்களுடையது. அதனால் அதிகம் பயனடைந்தவர்களும் அவர்கள்தான்.

இந்தப் பாணி திரையிலிருந்து இரண்டு பொருள்களைக் கழித்தது. ஒன்று அலங்காரம்; மற்றொன்று, எதைத் தொடலாம் என்று சொல்லும் அடையாளம். முதலாவதைக் கழித்தது சரி. இரண்டாவதையும் அதே மூட்டையில் கட்டி வெளியே போட்டதுதான் பிழை.

முதலில் அலங்காரம். 2007இல் ஐபோன் வந்தபோது தொடுதிரை பெரும்பாலோருக்குப் புதிது. கண்ணாடிமேல் விரலை வைத்தால் ஏதோ நடக்கும் என்பதை நம்பவைக்க, நிஜப்பொருள்களின் தோற்றத்தை ஆப்பிள் கடன் வாங்கியது. குறிப்புச் செயலி மஞ்சள் நிறக் கோடுபோட்ட தாள்போல இருந்தது. கேம் சென்டருக்குச் சூதாட்ட மேசையின் பச்சைத் துணி. மேக் கணினியின் நாட்காட்டிக்குத் தையல் போட்ட தோல் உறை. 2012இல் வந்த பாட்காஸ்ட் செயலியில் நாடாச் சுருள் சுற்றும் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றே இருந்தது. அதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அப்படி ஓர் இயந்திரத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்தப் பாணியை ஆதரித்த ஸ்காட் ஃபார்ஸ்டால் ஆப்பிளைவிட்டு வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. திரை வடிவமைப்பும் ஆப்பிளின் வன்பொருள் வடிவமைப்பாளர் ஜானி ஐவ் கைக்கு மாறியது. 2013 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 7 தோலையும் துணியையும் ஒரே நாளில் உரித்துப்போட்டது.

இந்த உரிப்பை இணையதள வடிவமைப்பாளர்கள் வரவேற்றதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. அவர்கள் பட்ட பாடும் காரணம். ஒரு பொத்தானின் மூலையை வளைக்க வேண்டுமென்றால் அந்த மூலையைப் படமாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்த காலம் அது. வளைந்த முனையுள்ள தாவல் ஒன்றை எழுத்தின் நீளத்துக்கேற்ப விரியவைக்க, இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று நகரவிடும் தந்திரத்தை டக்ளஸ் போமன் 2003இல் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் விளக்கினார். உலகெங்கும் அதைப் படித்துச் செய்தார்கள். வளைந்த மூலையையும் நிழலையும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் வெறும் வரிகளாலேயே வரையும் வசதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வந்தது 2011இல், அதன் ஒன்பதாம் பதிப்பில்தான். அதுவரை ஒவ்வொரு பளபளப்பும் ஒரு படம். ஒவ்வொரு படமும் வாசகர் தரவிறக்க வேண்டிய சுமை.

இதற்கிடையில் திரைகளும் பெருகின. 2010 ஜூனில் வந்த ஐபோன் 4 ஓர் அங்குலத்தில் 326 புள்ளிகளை நிரப்பியது. பழைய படங்கள் அதில் மங்கித் தெரிந்தன. எல்லாவற்றையும் இரண்டு மடங்கு அளவில் மறுபடி செய்ய வேண்டிவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஈதன் மார்கோட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற கருத்தை முன்வைத்திருந்தார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்ப மாறும் சிஎஸ்எஸ் விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரே பக்கம் கைப்பேசியிலும் மேசைக் கணினியிலும் பொருந்தி உட்காரும் என்றார். தோல் உறையை நெகிழவைக்க முடியாது. தட்டையான வண்ணக் கட்டம் எந்த அகலத்துக்கும் நெகிழும்.

ஆகவே தட்டை வடிவமைப்பின் முதல் பலம் பொறியியல் சார்ந்தது. பக்கம் எடை குறைகிறது. விலை மலிந்த கைப்பேசியில், சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரில், அந்தக் குறைவு நேரடியாகப் பயன் தருகிறது. எழுத்து படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் பெரிதாக்கிப் படிக்கலாம். பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதை வாசிக்கும். மொழியை மாற்றினால் பொத்தானும் தானாக நீளும். ஆங்கிலத்தைவிட நீண்ட சொற்களைக் கொண்ட தமிழுக்கு இது சிறிய உதவி அன்று. இரண்டாவது பலம் கவனம் சார்ந்தது. செய்தி படிக்க வந்தவருக்குச் செய்தி தெரிகிறது, சட்டகம் பின்வாங்குகிறது. இவ்விரண்டையும் குறைத்து மதிப்பிட்டுவிட்டுத் தட்டை வடிவமைப்பைத் திட்டுவது பழைய காலத்துக்கு ஏங்குவதாகவே முடியும்.

இனி அடையாளத்துக்கு வருவோம். டொனால்ட் நார்மன் 1988இல் எழுதிய நூல் பின்னாளில் ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. அதில் அவர் கதவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். கைப்பிடி இருந்தால் இழுக்கிறோம், தட்டையான தகடு இருந்தால் தள்ளுகிறோம். இரண்டும் இல்லாத வழவழப்பான கண்ணாடிக் கதவின் முன் படித்தவரும் தடுமாறுகிறார். ‘தள்ளு’ என்று பலகை மாட்ட வேண்டிய நிலை வந்தால் கதவின் வடிவமைப்பிலேயே குறை இருக்கிறது என்பது அவர் வாதம். பழைய இயங்குதளங்களில் பொத்தானின் மேல்விளிம்பில் வெளிச்சமும் கீழ்விளிம்பில் நிழலும் இருந்ததற்கு இதுவே காரணம். மேடாக இருப்பதை அழுத்தலாம், குழியாக இருப்பதில் எழுதலாம் என்று கண் சொல்லிவிடும். அந்த நிழல் அலங்காரமாகத் தோன்றினாலும் திரையில் கைப்பிடியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

விண்டோஸ் 8 வெளியான அடுத்த மாதமே, இணையப் பயன்பாட்டியலில் முன்னோடியான ஜேக்கப் நீல்சன் அதை 12 அனுபவசாலிகளிடம் கொடுத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். அதில் ஒரு சிறு காட்சி மொத்தச் சிக்கலையும் காட்டிக்கொடுக்கிறது. செட்டிங்ஸ் பட்டையின் அடியில் ஆறு சின்னங்கள். அவற்றுக்குக் கீழே ‘கணினி அமைப்புகளை மாற்றுக’ என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரிதான் முழு அமைப்புப் பக்கத்துக்கும் வாசல். ஆனால் சுற்றிலும் எல்லாமே தட்டை. ஆகவே அது மேலிருக்கும் சின்னங்களுக்கான தலைப்புபோல் தெரிந்ததே தவிர, சொடுக்கக் கூடியதாகத் தெரியவில்லை. பல ஆண்டுகள் கணினியில் ஊறியவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டே வாசலைத் தேடினார்கள்.

ஒரு பொருள் தோற்றுவிட்டால் அதன்மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. எனவே, கட்டுப்பாட்டுடன் செய்த ஆய்வு ஒன்றையும் பார்க்க வேண்டும். நீல்சனும் நார்மனும் நிறுவிய ஆய்வு நிறுவனம் 2017இல் 71 பேரின் கண்ணசைவைப் பதிவுசெய்தது. ஒன்பது இணையப் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள். உள்ளடக்கமும் இடஅமைவும் ஒன்றே. ஒரு வடிவத்தில் சொடுக்கக்கூடியவற்றுக்குத் தெளிவான அடையாளம், மற்றொன்றில் மங்கலான அடையாளம். மங்கலான பக்கங்களில் தேடியதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 22 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. கண்கள் கூடுதலான இடங்களில் தங்கித் தங்கி நகர்ந்தன.

அதே ஆய்வு தட்டை வடிவமைப்பின் ஆதரவாளர்களுக்கும் ஒரு பிடி கொடுத்தது. பக்கத்தில் கூட்டம் குறைவாக இருந்து, மெனு வழக்கமான இடத்தில் இருந்து, முக்கியமான பொத்தானைச் சுற்றி வெற்றிடம் இருந்தால் தட்டையாக இருப்பதால் பெரிய நட்டமில்லை. அடையாளம் தொலைந்த இடத்தில் இடமும் வழக்கமும் அதன் வேலையைச் செய்துவிடுகின்றன. ஓவியக் கண்காட்சி ஒன்றின் முகப்புப் பக்கத்துக்கு இது பொருந்தும். ஒரே திரையில் நாற்பது வேலைகள் கிடக்கும் வருமானவரிப் படிவத்துக்குப் பொருந்தாது. பாணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள் என்பதே குறை.

எழுத்தின் நிறத்தில் இந்த மறதி இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. நிழலும் கோடும் போனபின் படிநிலையைக் காட்ட வடிவமைப்பாளரின் கையில் மிஞ்சியது சாம்பல் நிறம். முக்கியமானது கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது இன்னும் வெளிறிய சாம்பல். இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வண்ண வேறுபாடு கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீடுகொண்ட சாம்பல் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு தேறிவிடும். வடிவமைப்பாளர்கள் விரும்பி எடுக்கும் 999999 சாம்பலின் அளவு 2.85தான், தேறாது. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தால் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 81 சதவீதத்தில் போதிய வண்ண வேறுபாடில்லாத எழுத்து இருந்தது. ஆண்டுதோறும் முதலிடத்தில் நிற்கும் பிழை அது. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கும், பேருந்து நிறுத்தத்தில் உச்சிவெயிலில் நிற்பவரின் திரைக்கும் அந்தச் சாம்பல் வெற்றிடமே.

ஐஓஎஸ் 7 வந்தபோதும் இதே கதைதான். மெல்லிய எழுத்துகள், எல்லையில்லாத பொத்தான்கள். நீல நிறத்தில் ஒரு சொல் கிடந்தால் அது பொத்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும். செயலிகள் திறக்கும்போது திரை பாய்ந்துவரும் அசைவால் தலைசுற்றுகிறது என்று புகார்கள் எழுந்தன. அசைவைக் குறைக்கும் வசதியை ஆப்பிள் முழுமையாக்கியது. 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பில் பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் தெரிவையும் சேர்த்தது. ஆனால் அந்தத் தெரிவு அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்தது. ‘எது பொத்தான்’ என்று தெரிந்துகொள்வது எல்லோருடைய தேவை. அது மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைபோல உள்ளே வைக்கப்பட்டது. அதே மாதத்தில் கூகுள் தன் தேடல் முடிவுகளின் தலைப்புகளிலிருந்து அடிக்கோட்டை எடுத்தது. நீல நிறமும் அடிக்கோடும் சேர்ந்தால் இணைப்பு என்று இருபது ஆண்டுகளாக உலகம் பழகியிருந்தது. கூகுளில் அதனால் பெரிய குழப்பம் இல்லை, ஏனெனில் அந்தப் பக்கமே இணைப்புகளின் பட்டியல். அதைப் பார்த்துத் தங்கள் கட்டுரைகளின் நடுவிலிருந்தும் அடிக்கோட்டை அகற்றிய தளங்களில்தான் வாசகர் திணறினார்.

அடையாளத்தை மங்கவைத்தபின் அடுத்த படி, பொருளையே மறைத்துவிடுவது. மூன்று கோடுகள்கொண்ட ‘ஹாம்பர்கர்’ சின்னம் இதற்கு நல்ல உதாரணம். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது அது. கைப்பேசித் திரையில் இடமில்லாத நெருக்கடியில் அது மறுபிறவி எடுத்தது. அங்கே அதற்கு நியாயம் உண்டு. இருபது பிரிவுகள் உள்ள தளத்தின் மெனுவை ஐந்து அங்குலத் திரையில் வேறெங்கே வைப்பது? ஆனால் அகலமான மடிக்கணினித் திரையிலும் அதே மூன்று கோடுகளுக்குள் மெனுவை அடைத்தார்கள். 2016இல் 179 பேரை ஆறு தளங்களில் சோதித்தபோது, மெனுவை மறைப்பதால் உள்ளடக்கத்தைக் கண்டடையும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைவது தெரிந்தது. அதே ஆண்டு ஸ்பாட்டிஃபை தன் ஐபோன் செயலியில் ஹாம்பர்கரைக் கைவிட்டு, அடியில் பெயர்களோடு கூடிய தாவல்பட்டைக்கு மாறியது. ஐந்து முக்கிய வாசல்களை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் மறைப்பது இன்று பல நல்ல செயலிகளின் வழக்கம்.

மறைந்தது மெனு மட்டுமன்று. மேக் கணினிகளில் 2011 ஜூலையில் வந்த லயன் பதிப்பு ஸ்க்ரோல்பாரை மறைத்தது. டிராக்பேடில் விரல் நகர்ந்தால் மட்டும் அது தலைகாட்டும். சாளரம் பார்க்கச் சுத்தமாகிவிட்டது. கீழே இன்னும் பாதிப்பக்கம் இருக்கிறது என்று சொல்லிவந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

சைகைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. 2017இல் ஐபோன் எக்ஸ் தன் வட்டப் பொத்தானை நீக்கி, அடியிலிருந்து மேலே இழுத்தால் முகப்புக்குப் போகலாம் என்றது. இரண்டாண்டு கழித்து ஆண்ட்ராய்டு 10 அதே வழியில் வந்தது. பழகியவருக்கு இது உண்மையிலேயே வேகம். திரையில் இடமும் மிச்சம். திரையின் அடியில் ஒரு மெல்லிய கோட்டையாவது அடையாளமாக விட்டுவைத்தார்கள், அதனால் அது பிழைத்தது. விட்டுவைக்காத சைகை பிழைக்கவில்லை. 2015இல் ஐபோன் 6எஸ் கொண்டுவந்த ‘3டி டச்’ வசதியில் திரையை அழுத்தமாக அமுக்கினால் ரகசிய மெனு வரும். எந்தச் சின்னத்தை அமுக்கினால் வரும், எதை அமுக்கினால் வராது என்று பார்த்து அறிய வழியில்லை. அழுத்தத்தை அளக்கத் திரைக்கடியில் தனி உணரி வைத்துச் செய்த அந்த நுட்பத்தை 2019இல் ஆப்பிள் கைவிட்டது. ஆப்பிளின் தொடக்ககால இடைமுக வல்லுநரான புரூஸ் டொக்னாசினி, நார்மனோடு சேர்ந்து 2015இல் எழுதிய நீண்ட விமர்சனம் இதைத்தான் சுட்டியது. என்ன செய்ய முடியும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், செய்த தவற்றைத் திரும்பப்பெற முடிய வேண்டும் என்ற தன் சொந்த விதிகளை ஆப்பிளே மறந்துவிட்டது என்றார்கள்.

டொக்னாசினி விரும்பிப் பேசும் மற்றொரு விதி, உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்தது. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சேரும். திரையின் விளிம்பில் சுட்டி தானாக நின்றுவிடும் என்பதால், விளிம்பில் இருக்கும் இலக்கு அளவில் மிகப்பெரியதற்குச் சமம். மேக் கணினியின் மெனு எப்போதும் திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். விண்டோஸ் 95 இதில் ஒரு சிறு தவறு செய்தது: ஸ்டார்ட் பொத்தானுக்கும் திரையின் மூலைக்கும் நடுவே இரண்டொரு புள்ளி இடைவெளி. சுட்டியை மூலைக்கு வீசிச் சொடுக்கினால் எதுவும் நடக்காது. பின்னர் வந்த பதிப்புகள் அதைச் சரிசெய்தன. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 ஸ்டார்ட் பொத்தானை நடுவுக்கு நகர்த்தி, அந்த மூலையின் பயனைத் தானே விட்டுக்கொடுத்தது. படத்தில் நடுவே இருப்பது சமச்சீராகத் தெரியும். அதே பதிப்பில், வலச்சொடுக்கு மெனுவில் வெட்டு, நகலெடு, பெயர்மாற்று ஆகியவை எழுத்தில்லாத சின்னங்களாயின. 2024இல் அவற்றுக்கடியில் மறுபடியும் பெயர்களை எழுதினார்கள்.

சின்னம் எல்லா மொழிக்காரருக்கும் புரியும், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் என்பது இத்தகைய மாற்றங்களுக்குச் சொல்லப்படும் நியாயம். இதைச் சோதித்த இடம் இந்தியாவிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவைச் சேர்ந்த இந்திராணி மேதி குழுவினர், பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத வேலைதேடும் செயலி ஒன்றை உருவாக்கி 2006இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பாத்திரம் கழுவும் வேலையைக் குறிக்கப் பாத்திரங்களை மட்டும் வரைந்தபோது அது பொருளாகவோ இடமாகவோ தெரிந்தது, வேலையாகத் தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுவதையும் சேர்த்து வரைந்தபிறகே வேலை என்று புரிந்தது. குரல்வழி உதவியும் தேவைப்பட்டது. செயலைக் காட்டும் தடயம் இல்லாத சின்னம் வெறும் படமாக நின்றுவிடும் என்பதை அந்தப் பெண்கள் அன்றே காட்டிவிட்டார்கள்.

எழுத்தை நம்பினாலும் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். கூகுளின் வடிவமைப்பு விதிகள் தென்னாசிய எழுத்துகளை ‘உயரமானவை’ என்று தனி வகையில் வைத்துக் கூடுதல் வரியுயரம் கேட்கின்றன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த ஒல்லிப் பொத்தானில் தமிழைத் திணித்தால் ‘கி’யின் மேல்விலங்கும் ‘ழு’வின் அடிச்சுழியும் வெட்டுப்படும். மாதிரித் திரைகளை ஆங்கிலத்திலேயே வரைந்து ஒப்புதல் வாங்குகிற வழக்கம் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது.

கண்ணாடித் திரையின் தட்டைத்தன்மை உயிரோடு விளையாடிய இடமும் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தனர். அந்தக் கப்பலின் இரண்டு சுழலித்தண்டுகளின் வேகத்தையும் தொடுதிரையில்தான் கட்டுப்படுத்தினார்கள். கட்டுப்பாட்டை ஓர் இருக்கையிலிருந்து மற்றோர் இருக்கைக்கு மாற்றும்போது இரண்டு தண்டுகளுக்குமான இணைப்பு பிரிந்துபோனது. வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது இடப்பக்கத் தண்டு மட்டும் தணிந்து, கப்பல் இடப்பக்கமாகவே திரும்பியது. போதிய பயிற்சி இல்லாததும் மேற்பார்வைக் குறையும் முதன்மைக் காரணங்கள் என்று விசாரணை சொன்னது. ஆனால், நெம்புகோல் இருந்திருந்தால் இரண்டும் ஒரே நிலையில் இல்லை என்பதைக் கண்ணும் கையும் உடனே உணர்ந்திருக்கும் என்பதையும் அது கவனப்படுத்தியது. அந்த வகைக் கப்பல்களில் நெம்புகோல்களையே மறுபடி பொருத்தப்போவதாக 2019இல் கடற்படை அறிவித்தது. கார்களிலும் காற்று திரும்பியிருக்கிறது. திரும்பல் சைகை விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ இல்லாத கார்கள் 2026 முதல் முழு மதிப்பெண் பெறுவது கடினம் என்று ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் அறிவித்தது.

இத்தனை முறை சுட்டும் ஏன் இதே நெருப்பில் கை வைக்கிறார்கள்? வடிவமைப்பு நடக்கும் சூழலில் ஒரு விடை இருக்கிறது. வடிவமைப்பாளர் வேலை செய்வது அலுவலகத்தின் மிதமான ஒளியில், உயர்தரத் திரையில், இளம் கண்களோடு. எந்தப் பொத்தான் எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். அடையாளம் அவருக்குத் தேவையே இல்லை. ஒப்புதல் கொடுக்கும் மேலதிகாரி பார்ப்பதோ அசையாத படம். படத்தில் நிழலும் கோடும் அழுக்காகத் தெரியும். வெற்றிடம் கம்பீரமாகத் தெரியும். ஆண்டுக்கொரு முறை மேடையேறிப் புதுமை காட்ட வேண்டிய நிறுவனங்களுக்கு, வேலை சுலபமானதை மேடையில் காட்டுவதைவிடத் தோற்றம் மாறியதைக் காட்டுவது எளிது.

திருத்தமும் நடக்காமலில்லை. 2014 ஜூனில் கூகுள் அறிமுகப்படுத்திய மெட்டீரியல் டிசைன், தட்டைத்தாள்களுக்கிடையே நிழலைக் கவனமாகத் திரும்பக் கொண்டுவந்தது. எது மேலே இருக்கிறது, எதை நகர்த்தலாம் என்பதை அந்த நிழல் சொல்லியது. ஆனால் எழுதும் கட்டங்களை மட்டும் ஒற்றை அடிக்கோடாகச் சுருக்கிவிட்டது. அது கோடா, கட்டமா என்று பயனர்கள் குழம்புவதைக் கூகுளின் சொந்த ஆய்வே கண்டறிய, 2018 வாக்கில் சுற்றிலும் எல்லை உள்ள கட்டங்களுக்கு மாறினார்கள். தட்டையாகவே இருந்துகொண்டு தெளிவாகவும் இருக்க முடியும் என்பதற்கு அந்தக் கட்டம் சான்று.

ஆனால் பாடம் நிலைப்பதில்லை. 2025 ஜூனில் ஆப்பிள் ‘லிக்விட் கிளாஸ்’ என்ற கண்ணாடித் தோற்றத்தை அறிவித்தது. செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 பதிப்பில் பொத்தான்கள் ஒளிபுகும் கண்ணாடித்துண்டுகளாயின. பின்னால் நகரும் படம் முன்னால் உள்ள எழுத்தோடு கலந்து, படிக்க முடியவில்லை என்ற புகார் எழுந்தது. நவம்பரில் வந்த 26.1 பதிப்பில், கண்ணாடிக்குச் சாயம் ஏற்றி அடர்த்தியாக்கும் தெரிவு சேர்ந்தது. தட்டைக்கு நேர் எதிரான தோற்றம், அதே பிழை, அதே வகைப் பரிகாரம். பிழை தட்டையில் இல்லை, அடையாளத்தைத் தோற்றத்துக்குப் பலியிடும் வழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஆகவே தீர்ப்பு இரு பகுதிகளாகத்தான் வரும். தட்டை வடிவமைப்பு இணையத்தை இலகுவாக்கியது, எல்லாத் திரைக்கும் பொதுவாக்கியது. அதை விட்டுவிட்டுத் தோலுக்கும் துணிக்கும் திரும்பக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் பொத்தானுக்கு எல்லை, இணைப்புக்கு அடிக்கோடு, எழுத்துக்குப் போதிய கறுப்பு, சின்னத்துக்குக் கீழே பெயர், ஒளிந்திருப்பதற்கு ஒரு தடயம் ஆகியவற்றைக் கழிக்கும் உரிமை எந்தப் பாணிக்கும் இல்லை. சில வரி சிஎஸ்எஸ்ஸில் முடிகிற இந்த வேலைகளால் பக்கத்தின் எடை கூடுவதுமில்லை. வடிவமைப்பாளர்கள் அடுத்த தளத்தை ஒப்படைக்குமுன் அதை நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்றில் ஏற்றி, வெயிலில் நின்று, தமிழுக்கு மாற்றி, அறுபது வயதானவர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே அடையாளம் குறைகிறது என்று பொருள். அதுவரை பயனர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் கைப்பேசியின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பிரிவைத் திறந்து, எழுத்தைத் தடிப்பாக்குவது, வண்ண வேறுபாட்டைக் கூட்டுவது, ஐபோனானால் பொத்தான் வடிவங்களைக் காட்டுவது ஆகிய தெரிவுகளை இயக்கிப் பாருங்கள்.